இரவல் மெஷினும் ஒரு டிரெய்லர் பார்த்தீனியமும்

பயந்த சுபாவமுள்ளவன் கையில் மெஷினைக் கொடுக்கக் கூடாது. பயத்தை மறைப்பதற்காகவே அவன் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிடுவான். நான் தள்ளியவன்.

அரிமளத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனை முழுக்கப் பார்த்தீனியம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. வேளாண் கல்லூரியில் படிக்கும் என் மகள் கயல் அடுத்த மாதம் விடுமுறைக்கு வரவிருந்தாள். அந்தச் செடி பட்டால் அவளுக்குத் தோல் தடித்துவிடும். (அவள் தும்மினாலே எனக்குக் காய்ச்சல் வரும்.) மச்சானிடம், அதாவது என் மனைவியின் அண்ணனிடம், புல் வெட்டும் மெஷினை இரவல் வாங்கினேன்.

கயல் போனில் கேட்டாள். "பூத்துருச்சாப்பா?"

"கொஞ்சமா."

"அப்ப மெஷின் போடாதீங்க. வெதை எல்லாப் பக்கமும் பரவிரும். வெட்டுன தூரும் திரும்பத் தழையும். நான் வந்து பாத்துக்கறேன்."

பெற்றவனுக்கே பாடமா என்று போனை வைத்தேன். ஒரே காலையில் மனை மொட்டை. சட்டைப் பையில்கூடப் பூ. போட்டோ எடுத்து அனுப்பினேன். பதில் இல்லை. அசந்துபோய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டோம். மெஷினுக்கும் அதே மரியாதை செய்தேன். வெட்டிய செடியை டிரெய்லரில் ஏற்றி, கடலை போட மச்சான் உழுது வைத்திருந்த கொல்லையில் தழையுரமாகப் பரப்பிவிட்டு வந்தேன். ("மாப்பிள்ளைக்குப் பெரிய மனசு" என்றார், பாவம்.)

மழை பெய்தது. மனையில் வெட்டிய தூர்கள் ஒன்றுக்கு நாலாகக் கிளைத்தன. கொல்லையில் கடலையும் முளைத்தது, அதைவிட அடர்த்தியாகப் பார்த்தீனியமும் முளைத்தது. அந்த வருடம் மச்சான் நம்பியிருந்தது அந்தக் கடலை ஒன்றைத்தான்.

"நான் இங்கிட்டுத் தேடுறேன் மாப்ள. கடலை தெரியுதான்னு நீங்க அங்கிட்டுப் பாருங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. நான் குனிந்து தேட ஆரம்பித்தேன்.

கயல் வந்ததும் நேராகக் கொல்லைக்குத்தான் போனாள்.

"இன்னும் பூக்கல மாமா. ஈரம் இருக்கறப்பவே வேரோட புடுங்கிட்டா கடலை தப்பிச்சிரும்."

"யாரு புடுங்குறது?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

ஐந்து நாள் லீவு போட்டேன். உறவுக்காரர்கள் எல்லாருக்கும் கையுறை மாட்டி, வரிசை பிரித்துவிட்டு, வரப்பில் நின்று வேலை வாங்கினாள் கயல். முதல் நாள் அவள் அதிகம் சொன்னது, "அப்பா, அது கடலை."

கடலை பிழைத்தது. என் இடுப்புதான் பிழைக்கவில்லை. இன்றும் வெள்ளைப் பூவைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகிறேன்.

இப்போது சுற்றுவட்டாரத்தில் மெஷினைக் கிளப்புவதற்கு முன், வெட்டலாமா பிடுங்கலாமா என்று கயலுக்குப் போன் போட்டுக் கேட்கிறார்கள். ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் மச்சான் என்னைக் காட்டி, "எங்க மாப்பிள்ளை வெட்டுனா ஊரே வெளையும்" என்பார். பந்தி சிரித்து ஓய்ந்ததும் யாராவது ஒருவர் கேட்பார், "கயலோட அப்பாவா நீங்க?"

"ஆமாங்க" என்று நிமிர்ந்து உட்காருவேன். அந்த நேரம் மட்டும் இடுப்பு வலிப்பதில்லை.