ஹேங் ஆகிற கம்ப்யூட்டர் வேண்டும்

காஞ்சிபுரம்,
9.8.2004

பெங்களூரில் வசிக்கும் பெரிய மனசுக்கார மாப்பிள்ளை வேணுகோபால் அவர்களுக்கு, மாமனார் தணிகாசலம் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொண்டது. வரதர் புண்ணியத்தில் இங்கே நான் நலம், உங்கள் அத்தை நலம், மாடும் கன்றும் நலம். கடைதான் நலமில்லை. அங்கே நீங்களும் பெருந்தேவியும் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் என் குரல் தானாக உயர்ந்துவிடும், மாப்பிள்ளையிடம் அது மரியாதையில்லை என்பதால் கடிதமாக எழுதுகிறேன். இதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல், நடந்த விவரமாகப் படிக்கவும்.

போன மாதம் வந்தபோது கடையிலிருந்த பழைய கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தீர்கள். அதைக் காயலான் கடைக்கு ஏற்றிவிட்டு, உங்கள் சொந்தப் பணத்தில் புதுசு வாங்கி வைத்தீர்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அங்கேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்தப் பழையது பில் போடவா இருந்தது மாப்பிள்ளை? அது புருஷன்மாரை உட்கார வைக்க இருந்தது. பட்டுப்புடவை வியாபாரத்தில் எதிர்க்கடைக்காரன் எனக்கு விரோதியே இல்லை, கூட வருகிற புருஷன்தான் விரோதி. பத்தாவது புடவையை விரிக்கும்போது கடிகாரத்தைப் பார்ப்பான், பதினைந்தாவதுக்குச் செருப்பைத் தேடுவான். தலையில் மூட்டை சுமந்து கடை வைத்தவன் நான், இதைக் கண்டுபிடிக்கவே எனக்குப் பத்து வருஷம் ஆனது. அதற்காகத்தான் தொண்ணூற்றிரண்டிலேயே அந்த மெஷினை வாங்கி, அதில் ஓர் எலி விளையாட்டைப் போட்டு வைத்தேன். கிடங்கில் எலி தானியம் தின்றுகொண்டே ஓடும், பின்னால் இரண்டு பூனை துரத்தும், அவ்வளவுதான். புருஷன் பூனைக்குப் பயந்துகொண்டு இருப்பான், பெண்டாட்டி நிம்மதியாகப் புடவை பார்ப்பாள்.

நல்லவேளையாக விளையாட்டு இருந்த பிளாப்பி என் மேஜை இழுப்பறையில் தங்கியிருந்தது. புது மெஷினில் போட்டால் திரை கறுப்பாக நிற்கிறது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் நம்ம ஃபக்ருதீன் பாயைக் கூப்பிட்டேன். ஏதோ தட்டி எலியை ஓடவிட்டார். ஓடியது, பவர்லூம் தறியில் நாடா பறக்கிற மாதிரி! அரக்கோணத்து வாத்தியார் ஒருவர் உட்கார்ந்தார். ஒரு தும்மல் போடும் நேரத்தில் எலியின் மூன்று உயிரும் போய்விட்டது. உடனே எழுந்து வந்து, "இன்னா, இன்னுமா பாத்துக்கினு இருக்கற?" என்றார். அவர் சம்சாரம் ஒரே ஒரு புடவையோடு போய்விட்டாள்.

பாயிடம் கத்தினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "கோச்சுக்காத மொதலியாரே. எமுலேட்டர்னு ஒண்ணு இருக்குது. உன் புது மெஷின் உள்ளயே ஒரு பழைய மெஷின் வேஷம் கட்டிக்கினு உக்காரும். எலிக்கு வித்தியாசமே தெரியாது" என்றார். போட்டார். இப்போது எலி கர்ப்பிணி மாதிரி நடந்தது. விளையாட உட்கார்ந்த மனுஷன் தூங்கிவிட்டான். பெண்டாட்டி, "ஐயோ, இவருக்குப் பிரஷர்பா!" என்று அலறி, விரித்த புடவையை மிதித்துக்கொண்டே ஆட்டோ பிடித்தாள். பிறகுதான் பாய் இரண்டு பொத்தானைக் காட்டினார். ஒன்றை அமுக்கினால் வேகம் குறையும், இன்னொன்றை அமுக்கினால் கூடும். ஒரு வாரம் தட்டித் தட்டி பழைய வேகத்தைப் பிடித்துவிட்டேன் மாப்பிள்ளை. உங்கள் அத்தைக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வந்தவாசி ரைஸ் மில் சீனிவாசன் ஆவணியில் பெண் கல்யாணத்துக்காகப் பதினோரு பெண்களோடு வந்து இறங்கினார். இந்த சீசனில் நான் நம்பியிருந்த ஒரே பெரிய பார்ட்டி. அவரை எலி முன்னால் உட்கார வைத்தேன். "என் ஆயுசெல்லாம் எலிக்கு மருந்து வெச்சவன்பா நானு, இதுக்குப் போயி மனசு அடிச்சுக்குது" என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். முக்கால் மணியில் பெண்கள் இருபத்தேழு புடவை எடுத்துவிட்டார்கள். பில் போட வேண்டியதுதான் பாக்கி. பணம் அவர் பையில். அவரோ, "இரும்மா, இன்னும் ஒரு உயிர் இருக்குது" என்கிறார். மூன்று மணி ஆயிற்று, நான்கு ஆயிற்று. சும்மா இருக்கிற பெண்கள் என்ன செய்வார்கள்? எடுத்த புடவையையே வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பார்த்தார்கள். மதியம் மாம்பழ மஞ்சளாக இருந்தது, வெயில் சாய்ந்ததும் அழுக்கு மஞ்சளாம்! இருபத்தேழு பத்தொன்பதானது, பத்தொன்பது பதினொன்றானது. எலி சீக்கிரம் சாகட்டும் என்று நான் நைசாக வேகப் பொத்தானை அமுக்கினேன். அந்த மனுஷனுக்கு அதற்குள் கை பழகிவிட்டது, "இப்பதான்பா சூடு பிடிக்குது!" என்று இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்.

கரண்ட் போயிற்று. வரதா, கண் திறந்தாயே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கடை முழுக்க இருட்டு, எலி மட்டும் ஓடுகிறது! நீங்கள் அன்போடு வாங்கி வைத்த யூ.பி.எஸ்., மாப்பிள்ளை. அதன் பேட்டரி தீர்வதற்குள், "நாளைக்கு வேற கடையும் பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்று பெண்கள் வேனில் ஏறிவிட்டார்கள். ஒரு கைக்குட்டை கூட விற்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய மெஷின் முக்கால் மணிக்கு ஒருதரம் சூடாகி, எலி காலைத் தூக்கினது தூக்கினபடியே ஹேங் ஆகி நின்றுவிடும். புருஷன் சலித்துப்போய் எழுந்து வருவான், பையைத் திறப்பான். பன்னிரண்டு வருஷம் என் கடையை ஓட்டியது எலி இல்லை, அந்த ஹேங்தான். இந்த எமுலேட்டரில் பழைய மெஷினின் சத்தம் வருகிறது, நிறம் வருகிறது, அந்த ஒன்று மட்டும் வரவில்லை. படித்தவர் நீங்கள். சனிக்கிழமை வந்து, முக்கால் மணிக்கு ஒருதரம் கண்டிப்பாக ஹேங் ஆகும்படி செய்து கொடுக்கவும். முடியாவிட்டால் அந்த எலியையாவது சாகடித்துவிட்டுப் போகவும்.

உங்கள் அத்தை இருவரையும் கன்னம் வழித்துத் திருஷ்டி கழித்ததாக எழுதச் சொன்னாள். வரதர் கோயில் தாயார் உங்களுக்கு எல்லாச் சௌபாக்கியமும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் கொஞ்சமும் கோபமில்லாத மாமனார்,
தணிகாசலம்

பி.கு. 10.8.2004: கவரை ஒட்டுவதற்குள் காலையில் கடை திறந்தால், வாசலில் மில்காரர் தன்னந்தனியாக நிற்கிறார். வீட்டில் ஏதோ பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இரண்டு மணி நேரம் ஆடினதும் அவருக்கே கூச்சமாகி, "சும்மா உக்காந்துக்கினு இருந்தா நல்லா இருக்காதுபா, அந்த இருபத்தேழையும் கட்டிடு" என்றார். ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, விலையும் கேட்கவில்லை. அவர் வீட்டு அம்மா திருப்பி அனுப்பினால் என்ன செய்வது என்று பயந்து நானே போன் போட்டேன். "அவரை அங்கியே வெச்சுக்கோங்கண்ணா! பந்தல்காரன் கிட்ட சண்டை போடாம இருக்காரே, அதுக்கே புடவையை எடுத்துக்கறோம். முகூர்த்தத்துக்கு மொத நாள் அனுப்புங்க, போதும்" என்கிறாள். மில்காரரோ, இந்த ஆட்டத்தில் எலி செத்தால் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாராம். ஆகையால் மாப்பிள்ளை, மேலே எழுதியதை மறந்துவிடவும். ஹேங் வேண்டவே வேண்டாம். எலி சாகாமல் இருக்க ஏதாவது வழி இருந்தால் உடனே போன் செய்யவும். அதற்கு இன்னும் ஒரே ஓர் உயிர்தான் பாக்கி.