வளர்மதி வைத்தது ஒன்று

தேவேந்திரன் அண்ணனின் ஸ்டூல் மேல் நான்கு வாழைப்பழங்கள் இருந்தன. வளர்மதி வைத்தது ஒன்று.

கதவோரம் நின்று இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள். நான்குதான். பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினாள். 'டிசம்பர் 16, செவ்வாய். வாழைப்பழம் - 1. மாலை 5.40. யாரும் பார்க்கவில்லை.' அவளுடைய கையெழுத்துதான்.

"யாரு மா வெச்சது இது?" என்றார் தேவேந்திரன்.

"தெரியலயேண்ணா," என்றாள் வளர்மதி. அது முக்கால்வாசி உண்மை.

செஞ்சி கூட்டுரோட்டில் ஒரு தையல்கடைக்கு மேலே, மாடியில் சவரிமுத்து மாஸ்டரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். பகலில் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்யும் வளர்மதி, மாலை வகுப்புக்குச் சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வருவாள். அந்த வகுப்பில் மொத்தம் ஒன்பது பேர். கதவு திறப்பது, ரிப்பன் மாற்றுவது, குடத்தில் தண்ணீர் நிரப்புவது எல்லாம் தேவேந்திரன். பதினெட்டு வருடமாக அதே ஸ்டூல்.

முந்தின நாள்தான் மாஸ்டர் ஒரு விளையாட்டைத் தொடங்கிவைத்தார். அவர் காலேஜில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் விளையாடுவார்களாம். ஆளுக்கொரு சீட்டு. சீட்டில் யார் பேர் இருக்கிறதோ, அவருக்குத் தெரியாமல் தினமும் ஏதாவது நல்லது செய்ய வேண்டும். இருபத்து நாலாம் தேதி கேக் வெட்டும்போதுதான் சொல்ல வேண்டும்.

"முன்னாடியே சொல்லிட்டா அதுல அழகே இல்ல. செத்தாலும் வாயத் தெறக்கக் கூடாது," என்றார் மாஸ்டர்.

தேவேந்திரன் சீட்டுகள் போட்ட பிஸ்கட் டப்பாவை ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டு போனார். வழக்கமாக உம்மென்று இருக்கும் மனிதர் அன்றைக்கு ஏனோ சிரித்த முகமாக இருந்தார். வளர்மதி பிரித்த சீட்டில் 'தேவேந்திரன்' என்று இருந்தது. அவர் பேரையும் சேர்த்திருக்கிறாரே என்று மாஸ்டர்மேல் அவளுக்கு மரியாதை கூடியது.

தினம் ஒரு பழம் சாப்பிடும்படி டாக்டர் சொன்னதாகத் தேவேந்திரன் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி புலம்பியிருந்தார். அதனால்தான் வாழைப்பழம். ஆனால் நான்கு?

'ஞாபக மறதியா? கவனிக்க வேண்டும்' என்று எழுதி, கீழே கோடு போட்டாள்.

புதன்கிழமை அவர் சைக்கிளைப் பற்றிப் புலம்பினார். "கீச்சு கீச்சுன்னு கத்துது. தெரு நாயெல்லாம் பின்னாலயே வருது."

வளர்மதி மெஷினுக்கு விடும் எண்ணெயை எடுத்துப்போய்ச் செயினில் நான்கு சொட்டு விட்டாள்.

வியாழக்கிழமை அவர் நொண்டிக்கொண்டு படியேறினார்.

"பிரேக்க புடிச்சா நிக்கல மா. நேரா கரும்பு ஜூஸ் கடைக்குள்ள போயி நின்னேன். செயின்ல எண்ண, ரிம்முல எண்ண, சீட்லகூட எண்ண. சீட்ல எவனாச்சும் எண்ண ஊத்துவானா?"

வளர்மதிக்கு வியர்த்தது. ஒருவேளை பெரிய பெரிய சொட்டாக விட்டுவிட்டோமோ? பக்கத்து மெஷின் அனு தன் விரல்களைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்கலாம்தான். கேட்டால் ரகசியம் போய்விடும்.

தேவேந்திரன் மாஸ்டர் மேசைப் பக்கம் போனார். "சார், நமக்கு ஏதாச்சும் வந்துச்சா?"

"இன்னா வரணும்?"

"ஒண்ணுமில்ல சார். சும்மா கேட்டேன்."

இதையும் அவர் தினமும் கேட்டார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

கடையில் போய் மோதியதிலிருந்து தலை சுற்றுகிறது, எலுமிச்சம்பழ ஜூஸ் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அன்றைக்கே எல்லோரிடமும் சொன்னார். வெள்ளிக்கிழமை வளர்மதி நல்ல மஞ்சளாக ஒரு பழம் பார்த்து வாங்கி, ஸ்டூலுக்கு அடியில் வைத்தாள். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் ஸ்டூலைச் சுற்றி ஏழு பழங்கள். ஒன்று படியில் உருண்டு, யாரோ மிதித்து நசுங்கிக் கிடந்தது.

கீழே தையல்கடை காமராஜ், கழுத்தில் டேப்போடு மேலே வந்து பார்த்தார்.

"வெள்ளிக்கெழம. வெளக்கு வெக்கிற நேரம். ஏழு பழம், அதுல ஒண்ணு நசுங்கியிருக்குது. தேவேந்திரா, யாருகிட்டயாச்சும் வம்பு வெச்சிக்கினியா?"

"ஜூஸ் போட்டுக் குடிக்கத்தாண்ணா யாரோ வெச்சிருப்பாங்க," என்றாள் வளர்மதி.

"இந்தப் பழத்தையா? தொட்டாலே கை இழுத்துக்கும் மா."

தேவேந்திரன் ஸ்டூலை எட்டி நின்று பார்த்தார். அன்றிரவு வளர்மதி நோட்டில் இரண்டு வரிதான் எழுதினாள். 'நான் நல்லது செய்யச் செய்ய அவர் மெலிந்துகொண்டே போகிறார். எனக்கு யாரும் இதுவரை எதுவும் வைக்கவில்லை. என் பேர் வந்தவருக்கு என்னைப் பிடிக்கவில்லை போல.'

சனிக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தாள். பொருள் வைத்தால்தானே பயம்? ஆறுதலாக நாலு வார்த்தை அடித்து வைத்துவிடலாம். கையெழுத்தாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று டைப்பிலேயே அடித்தாள். 'பயப்படாதீர்கள். உங்களை நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.'

திங்கட்கிழமை தேவேந்திரன் மூன்று தாள்களோடு வந்தார். மாஸ்டரிடம் வாசித்துக் காட்டினார்.

"'உங்களை நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.' இது ஒண்ணு சார். 'எல்லாம் உங்கள் நன்மைக்கே. புதன்கிழமை வரை பொறுங்கள்.' இது ரெண்டு. 'புதன்கிழமை நான் யார் என்று தெரிந்துகொள்வீர்கள்.' பொதன்கெழம என்னிய முடிச்சிடப் போறாங்க சார்."

மாஸ்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவனோ வெளையாடுறான்யா. யாருய்யா உன்னிய முடிக்கப் போறது?"

"வேணாம் சார். பொண்ணு அவலூர்பேட்டையிலேர்ந்து கூப்டுக்கினே இருக்குது. பொதன்கெழம சாவிய குடுத்துட்டுப் பஸ் ஏறிடறேன். இனிமே வரமாட்டேன்."

வளர்மதி அடித்துக்கொண்டிருந்த வரியில் பதினோரு தப்பு. ஒரு மனிதரின் பதினெட்டு வருட வேலை, தன்னால் போகப் போகிறது. ஒரு பழம், நான்கு சொட்டு எண்ணெய், ஒரு எலுமிச்சம்பழம், ஒரே ஒரு தாள். நோட்டின்படி கணக்கு சரியாகத்தான் இருந்தது. மனிதர்தான் போகிறார்.

புதன்கிழமை மாலை. மேசையில் கேக். கதவோரம் துணிப்பையும் மஞ்சள் குடையுமாகத் தேவேந்திரன், கையில் சாவிக்கொத்து. மாஸ்டர் கத்தியை எடுப்பதற்குள் வளர்மதி எழுந்துவிட்டாள். முழங்கால் மெஷின் மேசையில் இடித்தது.

"சார், அண்ணன அனுப்பிடாதீங்க. எல்லாம் நான்தான் செஞ்சேன். அவரு பேருதான் எனக்கு வந்துச்சி." சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். "ஆனா எப்படி ஏழு பழமாச்சின்னு எனக்குத் தெரியல சார். ஒண்ணுதான் வெச்சேன்."

அனு மெதுவாக எழுந்தாள்.

"சைக்கிள் சீட்ல எண்ண ஊத்தினது நான் சார். துரு புடிச்ச மாரி இருந்துச்சி," என்று தன் சீட்டை வைத்தாள். 'தேவேந்திரன்.'

"'பொறுங்கள்'னு அடிச்சது நானு," என்று எழிலரசன் எழுந்தான். அவன் சீட்டும் 'தேவேந்திரன்.'

ராமகிருஷ்ணன், சிவசங்கர், நிலா என்று ஒவ்வொருவராக வந்தார்கள். மேசையில் ஒன்பது சீட்டுகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்பதிலும் ஒரே கையெழுத்து, ஒரே பேர்.

வளர்மதி நோட்டைத் திறந்து, 'ஞாபக மறதியா?' என்பதை முதலில் பேனாவால் அடித்துவிட்டாள். பிறகு, தன்னைப் பிடிக்கவில்லை போல என்று எழுதியதையும் அடித்துவிட்டாள்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார்.

"யோவ் தேவேந்திரா. ஒம்போது ஸ்டூடண்ட் பேர லிஸ்ட் போட்டுக் குடுத்து, சீட்டு எழுதுன்னு உன்கிட்டதானய்யா சொன்னேன்? லிஸ்ட்ல உன் பேரே இல்லியே. இன்னாய்யா இது?"

தேவேந்திரன் துணிப்பையைக் கீழே வைத்தார்.

"சீட்டுல யாரு பேரு வருதோ அவங்களுக்குப் பத்து நாளும் நல்லதா நடக்கும்னு நீங்கதான சார் சொன்னீங்க? அதான் ஒம்போதுலயும் என் பேரையே எழுதினேன்," என்றார். "இன்னிக்கி வரைக்கும் ஒரு நல்லதும் நடக்கல, சார்."