கறிக்கடை வாசலில் இரட்டை மஞ்சள் கோடு

சர்ச் லேன், ஆல்டர்விக்.
நவம்பர் கடைசி புதன்கிழமை, மதியம் (கடை அரைநாள் லீவு).

மகா கனம் பொருந்திய நகரக் கவுன்சிலரும், போக்குவரத்துக் கமிட்டித் தலைவரும், என் தங்கை ஜில்லைக் கைப்பிடித்த பாக்கியவானுமாகிய மாப்பிள்ளை கிளைவ் பென்னிங் அவர்களுக்கு, கடைத்தெரு ஹாலெட் கறிக்கடை டெரெக் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான், என் வீட்டுக்காரி பெவர்லி, கடை ஆகிய மூவரும் இருக்கிறோம். முதல் இருவரும் சௌக்கியம். மூன்றாவதற்குக் கிறிஸ்துமஸ் வரை கெடு. தங்கையின் முட்டிவலி தேவலை என்று நம்புகிறேன். தங்களுக்கும் உடம்புக்கு ஒன்றும் இருக்காது. இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. வாய்விட்டுச் சபித்தது ஒரே ஒரு தடவைதான், அதுவும் கடைக்குள் யாரும் இல்லாதபோது. யாரும் இல்லாதபோது என்று தனியாகச் சொல்வானேன், இப்போதெல்லாம் எப்போதுமே யாரும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, தங்கள் கமிட்டியின் ஆட்கள் லாரியில் வந்து, கடைத்தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இரட்டை மஞ்சள் கோடு போட்டார்கள். வண்டியை நிறுத்தவும் கூடாது, சரக்கை ஏற்றி இறக்கவும் கூடாது. நான் உள்ளே ஆட்டுத்தொடை வெட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் என் வேனைச் சுற்றிக் கோடு போட்டிருக்கிறார்கள்! வேனுக்குப் பின்னால் கோடு, வேனுக்கு முன்னால் கோடு, வேனுக்கு அடியில் மட்டும் சுத்தமான தார். சரி, கோடு இல்லாத இடத்தில் நிற்கிறவன்தானே நான், எனக்கென்ன என்று சும்மா இருந்தேன். மறுநாள் பார்க்கிங் வார்டன் ஸ்டூவர்ட் வந்து அபராத டிக்கெட்டை ஒட்டிவிட்டான். "ஏம்பா, கீழ குனிஞ்சு பாரு, கோடு எங்க இருக்கு?" என்றேன். "வண்டிய எடுங்க டெரெக், அப்பறம் பாக்கறேன்" என்றான். மடையன் மாதிரி வேனை எடுத்தேன். அரைமணி நேரத்தில் பெயின்ட் டப்பாவோடு ஒருத்தன் வந்து மிச்சத்தையும் போட்டுவிட்டுப் போனான். இதற்குத்தான் மாப்பிள்ளை நாங்கள் ஓட்டுப் போட்டோமா?

கறிக்கடைக்கு வருகிறவர்கள் என்ன, மூன்று மணி நேரம் சட்டை போட்டுப் பார்த்து வாங்குகிறவர்களா? நாலு சாசேஜ், பன்றிக்கறி அடைத்த ஒரு போர்க் பை, "மழை வரும்போல இருக்கே டெரெக்", "ஆமாங்க, வரும்", முடிந்தது வியாபாரம். இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்துக்கு முப்பத்தைந்து பவுண்டு அபராதம் கட்டிக்கொண்டு யார் வருவார்கள்? புறவழிச் சாலை சூப்பர் மார்க்கெட்டில் மூன்று மணி நேரம் சும்மா நிறுத்தலாம். அங்கே போய் பிளாஸ்டிக் தட்டில் அழுதுகொண்டிருக்கும் கறியை வாங்கித் தின்கிறார்கள். பக்கத்து பேக்கரியில் மத்தியானம் மூன்று மணிக்கும் ரொட்டி அப்படியே இருக்கிறது. பூக்கடைக்காரி வேலைக்காரப் பெண்ணை நிறுத்திவிட்டாள். கடைத்தெருவில் இப்போது தாராளமாகக் கிடைப்பது காற்றும் வெளிச்சமும்தான், அதற்காகத்தான் கோடு போட்டீர்களோ என்னவோ.

ஸ்டூவர்ட்டையாவது விடுங்கள், அவன் உத்தியோகம் அது. விங்ஃபீல்ட் அம்மாவைத் தெரியுமல்லவா, சேப்பல் ஜெபக்கூடத்துப் பாட்டுக் குழுவை நடத்துகிறவர், எண்பத்து நாலு வயசு, கைத்தடி. சனிக்கிழமை தவறாமல் இரண்டு ஆட்டுச் சிறுநீரகம் வாங்குவார். அவர் சிவப்புக் காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, கையுறையைக் கழற்றி, பர்சைத் திறப்பதற்குள் ஸ்டூவர்ட் வந்து நின்றுவிட்டான். நான் கத்தியோடு வெளியே ஓடினேன். கத்தி தற்செயலாகக் கையில் இருந்தது, அதைத் தங்கள் கமிட்டி வேறு மாதிரி எழுதி வைத்திருப்பதாகக் கேள்வி. "வயசானவங்கப்பா! நடக்க முடியாதவங்க!" என்றேன். "நான் கோட்டத்தான் பாப்பேன் டெரெக், கோட்டுமேல நிக்கறவங்க வயசயா கேப்பேன்?" என்கிறான். அந்த அம்மா டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து மூன்று வாரமாக ஆளைக் காணோம். அவரும் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். என் அப்பா காலத்து வாடிக்கை! வயிறு எரிகிறது மாப்பிள்ளை.

போன சனிக்கிழமை நடந்ததைத் தங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். சொன்னது அத்தனையும் உண்மை. மொத்தக் கறி கொண்டுவரும் லாரிக்காரன் கடைத்தெருவில் நிற்க மாட்டேன் என்று சாதித்து, சர்ச்சுக்குப் பின்னால் நிறுத்திவிட்டான். அரைப் பன்றியைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லறைத் தோட்டம் வழியாகக் குறுக்கே வருகிறேன், சர்ச் கதவு திறக்கிறது, மணி அடிக்கிறது, கல்யாண மாப்பிள்ளையும் பெண்ணும் வெளியே வருகிறார்கள். வாசலில் நின்றவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் காகிதப் பூவை அள்ளி வீசினார்கள். பாதி என் பன்றிமேல் விழுந்தது. போட்டோக்காரன், "அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க!" என்று கத்துகிறான். "தள்ளுனா பன்னி கீழ விழும்டா!" என்று நானும் கத்தினேன். பெண்ணின் அம்மா சர்ச் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டு விருந்துக்குப் பன்றித்தொடை ஹாம் என் கடையில்தான் சொல்லியிருந்தார்கள். அன்று சாயங்காலமே வேண்டாம் என்று போன் வந்துவிட்டது.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் மரியாதையாகத்தான் எடுத்துச் சொன்னேன். தாங்கள் என்ன செய்தீர்கள்? நான் கொண்டுவந்த மாட்டிறைச்சியை, நான் கொண்டுவந்த மாட்டிறைச்சியை மாப்பிள்ளை, கிரேவியில் தோய்த்து வாயில் வைத்துக்கொண்டே, "சட்டப்படி அறிவிப்பு இருபத்தோரு நாள் விளக்குக் கம்பத்துல தொங்குச்சு மச்சான். ஊர்ல ஒரு ஆள்கூட ஆட்சேபம் எழுதல" என்றீர்கள். "எந்தக் கம்பத்துல?" என்றேன். "உங்க கடை வாசல் கம்பத்துல" என்று சொல்லி, போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தீர்கள். அதில் கம்பம் தெரிகிறது. "கிறிஸ்துமஸ் வான்கோழி இப்போதே சொல்லி வையுங்கள், ஹாலெட்" என்ற என் போர்டு தெரிகிறது. போர்டுக்கு அடியில் கவுன்சில் காகிதத்தின் ஒரே ஒரு மூலை தெரிகிறது. ஜில் சிரித்தாள். கூடப் பிறந்தவள் சிரித்தாள்!

ஆமாம், அந்தப் போர்டை மாட்டியது நான்தான். ஒவ்வொரு வருஷமும் அந்தக் கம்பத்தில்தான் மாட்டுகிறேன். அங்கே ஏதோ பிளாஸ்டிக் உறையில் காகிதம் தொங்கியது, நாய் காணாமல் போன விளம்பரம் என்று நினைத்தேன். ஊரின் பிழைப்பையே மாற்றுகிற சட்டத்தை நாய் விளம்பரம்போல யாராவது கட்டித் தொங்கவிடுவார்களா? வாய் இல்லையா, கதவு இல்லையா, கதவில் கடிதத் துவாரம் இல்லையா? அல்லது வாரா வாரம் கறி சாப்பிட வருகிற மச்சானிடம் ஒரு வார்த்தை சொன்னால் கவுன்சில் இடிந்து விழுந்துவிடுமா?

நிலைமையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போன கிறிஸ்துமஸுக்கு நூற்று நாற்பது வான்கோழி. இந்த வருஷம் நூறாவது வராவிட்டால் ஜனவரியில் கடையை மூடிவிடுவது என்று பெவர்லியும் நானும் பேசி முடித்துவிட்டோம். இன்றைக்கு வரை இருபத்தாறு. அதில் ஒன்று தங்களுடையது. பெவர்லி அழுதாள். நான் அழவில்லை, ஆத்திரத்தில் அழுகை வராது எனக்கு.

ஆகவே அந்த மஞ்சள் கோட்டைச் சுரண்டி எடுக்கும் வரை தங்கள் வீட்டுக்கு என் கடையிலிருந்து ஒரு எலும்புகூட வராது. கோடு போடச் சொன்ன கை இனி முட்டைக்கோஸ் வெட்டட்டும். ஆண்டவர் என் தங்கையையும் பிள்ளைகளையும் குறைவில்லாமல் காப்பாராக. தங்களை அவர் தம் விருப்பம்போல் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மரியாதை இன்னும் கொஞ்சம் மீதமுள்ள மச்சான்,
டெரெக் ஹாலெட்.

பின்குறிப்பு (வியாழன் காலை): மேலே உள்ளதைக் கவரில் போட்டு ஒட்டியாகிவிட்டது. இப்போது பிரித்து எழுதுகிறேன். காலையில் வேனை எடுக்கலாம் என்று போனால், என் வீட்டு கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு பச்சைக் கார். கடைத்தெருவில் நிறுத்த முடியாதவர்கள் எல்லாம் இப்போது எங்கள் சந்தில் கொண்டுவந்து விடுகிறார்கள்! பொறுக்க முடியாமல் தங்கள் கமிட்டி நோட்டீஸில் இருந்த எண்ணுக்கு நானே போன் செய்தேன். ஸ்டூவர்ட் நாலே நிமிஷத்தில் வந்துவிட்டான். டிக்கெட் ஒட்டினான். "ரொம்ப நல்ல காரியம்பா" என்று அவன் முதுகில் தட்டிக் கொடுத்தேன். சர்ச் லேன் முழுக்க இரட்டை மஞ்சள் கோடு போடவேண்டும் என்று தங்களுக்குத் தனி மனு எழுதவும் உட்கார்ந்தேன்.

அப்புறம் நடந்தே கடைக்குப் போனேன். விங்ஃபீல்ட் அம்மா நிற்கிறார். கையில் ஒரு நீளக் காகிதம். மூன்று வாரமாகக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி வான்கோழி ஆர்டர் எழுதி வாங்கியிருக்கிறார். எண்பத்தோரு பேர் பெயர். "கடைய மூடிடாதே டெரெக். நம்ம வண்டி ரிப்பேர், மக வண்டியில வந்தேன். பச்சக் கலர். உன் வீட்டு வாசல்லதான் விட்டிருக்கேன், நீ ஒண்ணும் சொல்லமாட்டேன்னு தெரியும்" என்றார்.

திரும்பிப் போனவர் டிக்கெட்டோடு மறுபடி வந்தார். "எந்தப் பாவி போன் பண்ணானோ தெரியல. நீதான் நல்லா எழுதுவியே, கவுன்சிலுக்கு எனக்காக ஒரு புகார் எழுதிக் குடு" என்றார். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் புகார் தங்கள் மேஜைக்குத்தான் வரும். அதில் போன் செய்தவனை நான் என்னென்ன வார்த்தையில் திட்டியிருந்தாலும், மாப்பிள்ளை, ஒரு வார்த்தையைக்கூடக் குறைக்காமல் கமிட்டியில் உரக்கப் படிக்கவும்.