முள்ளெண்ணியும் ஒன்றரை அடிக் கெளுத்தியும்

நெடுங்கேணிச் சந்தையில் எத்தனையோ பேர் கடை போட்டிருக்கிறார்கள். வந்த வாடிக்கையாளருக்குப் பரீட்சை வைத்துத் துரத்தியவர் முள்ளெண்ணி ஒருவர்தான். வளர்ப்பு மீன் விற்றார். விற்க மறுத்தார் என்பதே சரி.

கண்ணாடித் தொட்டியில் பாசி தின்னும் கெளுத்தியில் அவருக்குத் தெரிந்து இரண்டு வகை. விரல் நீளக் குஞ்சாக இருக்கும்போது இரண்டுக்கும் ஒரே கறுப்பு, ஒரே புள்ளி, ஒரே உர்ரென்ற முகம். ஒன்று உள்ளங்கையோடு நின்றுவிடும். மற்றது முழங்கை தாண்டி வளரும். முதுகுத் துடுப்பின் முள்ளை எண்ணவேண்டும்: சின்னதற்கு ஏழெட்டு, பெரியதற்குப் பத்துக்கு மேல். அவர் சின்னதை மட்டுமே வைத்திருந்தார். அதையும் எண்ணிக் காட்டாதவருக்குக் கொடுக்கமாட்டார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தரம் எண்ணினார். மூன்று விடை வந்தது. "சேர், படிச்சிட்டு நாளைக்கு வாங்கோ" என்று அனுப்பிவிட்டார்.

என்னையும் மறித்தார்.

"எத்தினை தம்பி?"

"ஒம்பது இருக்கும் அண்ணை."

"இதென்ன சாத்திரமே, இருக்கும் எண்டு சொல்ல? போயிட்டு வாரும்."

எனக்கு ரோசம். வவுனியாவுக்குப் பஸ் ஏறி, கேள்வி கேட்காத கடையொன்றில் ஒரு சோடி வாங்கிவந்தேன். இரண்டு வருடத்தில் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி.

"இது மீனோ முதலையோ? கொண்டே விடுங்கோ" என்றாள் மனைவி.

கொல்ல மனம் வரவில்லை. வாளியில் கொண்டுபோய்க் குளத்தில் விட்டேன். புண்ணியம் செய்ததாக நினைப்பு வேறு.

சில வருடங்களில் குளம் முழுக்க அவைதான். முள் மாட்டிய வலையை வெட்டித்தான் எடுக்கவேண்டும். பிடித்து விற்கும் திலாப்பியா மீன் அருகிப்போனது. குளத்தில் மீன்பிடிப்பவர்கள் ஊர்க் கூட்டம் வைத்தார்கள்; நானும் போயிருந்தேன். ஊரில் வளர்ப்பு மீன் விற்பவர் முள்ளெண்ணி ஒருவர்தானே; அவரைக் கூப்பிட்டார்கள்.

ஒரு கையில் தன் மீனும் மறு கையில் குளத்து மீனுமாக வந்தார்.

"ஆராவது ஒராள் எண்ணிப் பாருங்கோ. இது என்ரை மீனில்லை."

"எல்லாம் ஒரே சனியன்தான்" என்றார் கூட்டத் தலைவர்.

ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. நான் எழும்பியிருக்கலாம். கதிரையில் ஒட்டிக்கொண்டு இருந்தேன்.

கூட்டம் கலைந்த கையோடு போய் அவருடைய தொட்டிகளை உடைத்தார்கள். சந்தை நிலமெல்லாம் தண்ணீர்; மீன்கள் துடித்தன. அவர் ஒன்றொன்றாய்ப் பொறுக்கினார்.

பளையிலுள்ள தங்கை வீட்டுக்குப் போக அவர் சாமான் ஏற்றிய அன்று, ஒருவழியாக வாய் திறந்தேன்.

"அண்ணை, அதுகளைக் குளத்திலை விட்டது நான்தான்."

"தெரியும். வாளியோடை கண்டனான். நான் ஓடி வாறதுக்குள்ளை விட்டிட்டீர்."

"கூட்டத்திலை சொல்லியிருக்கலாமே?"

"உம்மடை வீட்டையெல்லோ உடைச்சிருப்பாங்கள். பிள்ளையள் இருக்கிற வீடு."

பளையைத் தாண்டும்போதெல்லாம் பஸ் யன்னலால் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு போகிறேன். எங்காவது கடை போட்டிருந்தால் இறங்கி, ஆசைதீர அவரிடம் ஏச்சு வாங்கவேண்டும்.