சிங்கத்துக்கு எந்த ஷிப்ட்?

சிங்கத்தை எந்த ஷிப்டில் போடுவது என்பதில்தான் தசரதனுக்குச் சிக்கல் வந்தது.

கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தின் டைம் ஆபீசில் அவர் குமாஸ்தா. யார் எந்த ஷிப்டில் கீழே இறங்கினார்கள், எப்போது மேலே ஏறினார்கள் என்று குறிப்பதுதான் வேலை. ஆகவே ஆப்பிரிக்காவில் மிருகம் பார்க்கத் திட்டம் போட உட்கார்ந்தபோதும் அவருக்கு வேறு வழி தெரியவில்லை. பெரிய தாளில் காலை ஷிப்டுக்குப் பச்சை, மதிய ஷிப்டுக்கு மஞ்சள், இரவு ஷிப்டுக்குச் சிவப்பு என்று கட்டம் கட்டினார். ஒட்டகச்சிவிங்கி காலை. யானை மதியம். கழுதைப்புலிக்கு இரவு என்பதில் தகராறே இல்லை. சிங்கம் மட்டும் ஒத்துவரவில்லை. அது பகலில் பெரும்பாலும் தூங்கும் என்று லைப்ரரியிலிருந்து எடுத்து வந்த புத்தகம் சொன்னது.

"டூட்டி நேரத்துல தூங்கறத எந்த ஷிப்டுல போட்டா இன்னா?" என்றாள் அவர் மனைவி சுலோச்சனா, முருங்கைக்கீரை ஆய்ந்தபடி.

"ஆப்சென்ட் போட்டுடலாம். ஆனா அத்த பாக்கத்தானே போறோம்?"

"போறோமா?"

தசரதன் சிவப்புப் பென்சிலைச் சீவத் தொடங்கினார். சுலோச்சனாவின் தம்பி ஜெயகரன் டான்சானியாவில் ஒரு சுரங்கத்தில் ஃபோர்மன். 'ஒரு தடவை வாங்க அத்தான், செரங்கெட்டிக்குக் கூட்டிப் போய் சிங்கம் காட்டுகிறேன்' என்று பொங்கலுக்கு எழுதியிருந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் விருந்தாளியிடம் 'சாப்பிட்டுப் போங்களேன்' என்பார்களே, அந்த ஜாதி அழைப்பு. தசரதனும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். போவதாக உத்தேசமே இல்லை. திட்டம் போடுவது அவருக்குச் சுகம். போவது வேறு விஷயம். ஊட்டிக்கும் காஷ்மீருக்கும் போட்ட திட்டங்கள் பீரோவின் மேல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. இரண்டு ஊரையும் அவர் இன்னும் பார்த்ததில்லை.

காடு சுற்றும் ஜீப்பில் ஏறும் ஒவ்வொருவருக்கும் பித்தளை டோக்கன் என்று அடுத்து எழுதினார். சுரங்கத்தில் அதுதான் வழக்கம். இறங்கும்போது டோக்கன் எடுக்க வேண்டும், ஏறி வந்ததும் திருப்பித் தர வேண்டும். ஒரு டோக்கன் குறைந்தால் ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். காட்டில் ஒரு டோக்கன் குறைந்தால் எந்தச் சிங்கம் என்று விசாரிக்க வேண்டும். அதை நினைத்ததும் தசரதன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெரியசாமி உள்ளே வந்தான். சுரங்கத்தில் கூரை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிறவன். சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளின் கமிட்டிச் செயலாளரும் தசரதனே என்பதால், வீட்டுச் சுவரோரம் ஓர் ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொள்ள அனுமதி கேட்க வந்திருந்தான். மூன்றாம் தடவையாக.

"இன்னாண்ணே இது, கலர் கலரா?"

"ஆப்பிரிக்கா. சிங்கம் பாக்கறதுக்கு பிளான்."

பெரியசாமி அசையாமல் நின்றான். "நீங்க போறீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பெரியசாமியின் முகம் மலர்ந்துவிட்டது. தசரதனைப் பார்த்து அந்த லைனில் யாருடைய முகமும் அப்படி மலர்ந்ததில்லை. அதில் மனுஷன் விழுந்துவிட்டார்.

"இந்த வருசமே!" என்றார்.

பெரியசாமி ஆட்டுக்குட்டியை மறந்து வெளியே ஓடினான். சாயங்காலம் குழாயடியில் பேச்சு முழுக்க இதுதான். பழனியம்மா என்ற விதவை, எதிர் வரிசைக்காரி, தண்ணீர்க்குடத்தை அப்படியே போட்டுவிட்டு வந்து சுலோச்சனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெசமாவா? அவ்ளோ தூரமா?"

"கடலத் தாண்டி" என்றாள் சுலோச்சனா.

"நல்லா இருக்கட்டும்!" என்று பழனியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தசரதன் கலங்கவில்லை. லீவு கிடைக்காது என்பது அவருடைய கணக்கு. டைம் ஆபீஸ் மேலதிகாரி கோவிந்தராஜ், சொந்தக் கல்யாணத்துக்கு லீவு கேட்டவனையே 'முகூர்த்தம் எத்தினி மணிக்கு?' என்று விசாரித்து அரை நாள் கொடுத்தவர். அவரிடம் போய் இரண்டு மாதம் கேட்டார் தசரதன். கேட்கும்போதே, மறுக்கப்பட்டவன் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் யோசித்து வைத்திருந்தார்.

கோவிந்தராஜ் பேனாவைத் திறந்தார். "ரெண்டு மாசம் போதுமாய்யா?"

"சார்?"

"கப்பல்ல போறதுக்கே நாளாகும். மூணா எழுதிக்க. நிதானமா பாரு. மிருகம் இன்னா ஓடிடப் போவுதா?"

"ஓடும் சார். அதான் அதுங்க வேல."

"அப்ப நாலா எழுதிக்க."

நான்கு மாத லீவோடு தசரதன் வெளியே வந்தார். ஆபீசில் எல்லாரும் எழுந்து நின்று கை குலுக்கினார்கள். கீழே இறங்கப் போகும் ஷிப்ட் ஆட்கள்கூட வரிசையை விட்டு வந்து குலுக்கினார்கள். ஒரு நிமிஷத் தாமதத்துக்கு அரைநாள் கூலியை வெட்டுகிற கையை அவர்கள் இவ்வளவு ஆசையாகப் பிடிப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்ததே இல்லை.

பாஸ்போர்ட் இருக்கிறதே, அது லேசில் வராது என்று நம்பினார். கோவிந்தராஜின் சகலைக்கு அந்த ஆபீசில் வேண்டியவர் இருந்தார். வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனார். "நெஞ்சுல இருமல் டாக்டர். மூச்சு வாங்குது. படபடன்னு அடிச்சுக்குது. என்னால எங்கயும் போவ முடியாதுன்னு ஒரு சர்டிபிகேட்..."

டாக்டர் அவர் பெயரைக் கேட்டார். சொன்னார்.

"ஓ, ஆப்பிரிக்கா தசரதன் நீங்கதானா? லைன்ல சொன்னாங்க." குழாயை நெஞ்சில் வைத்தும் வைக்காமலும் எடுத்துவிட்டார். "கல்லு மாதிரி இருக்கீங்க. இந்தத் தூசிதான் இருமலுக்குக் காரணம். அந்த ஊர்க் காத்து உங்களுக்கு அருமருந்து."

சொன்னதோடு விடாமல், வெளிநாடு போகிறவர்களுக்கான தடுப்பூசிகளுக்கும் தானே ஏற்பாடு செய்து கொடுத்தார். கை வீங்கி, காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தார் தசரதன்.

"டிக்கெட்டுக்கு எங்க போறது? அத்த யாரும் யோசிக்கலியே" என்று போர்வைக்குள்ளிருந்து நிம்மதியாகக் கேட்டார்.

"தம்பிக்கு எழுதிட்டேன்" என்றாள் சுலோச்சனா. "பழனியம்மாதான் எழுதச் சொல்லுச்சு. அனுப்பறேன்னுட்டான்."

"ரெண்டு பேருக்குமா?"

"எனுக்கு எதுக்கு? கப்பல் எனுக்கு ஒத்துக்காது. நீங்க போய்ட்டு நிம்மதியா வாங்க."

யாருடைய நிம்மதி என்று அவர் கேட்கவில்லை.

மிச்சம் இருந்தது துணிமணி. சரியான உடுப்பு இல்லாமல் காட்டுக்குப் போகக் கூடாது என்று தெருவெல்லாம் சொல்லிப் பார்த்தார். ராபர்ட்சன்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜம்புலிங்கம் காதில் அது விழுந்தது. தசரதன் ஒரு தடவை துணியின் அகலம் இரண்டு விரல் குறைகிறது என்று கடை வாசலில் நின்று பெரிய தர்க்கம் செய்தவர். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அந்த ஜம்புலிங்கம் தையல்காரரோடு வீடு தேடி வந்தார்.

"காக்கில கோட்டு, கால்சட்டை, தொப்பி. எல்லாம் நம்ம அன்பளிப்பு. டிரங்குப் பெட்டியும் குடுக்கறேன்" என்றார்.

"எதுக்கு உங்களுக்கு இவ்ளோ சிரமம்?"

"சிரமம்லாம் ஆச்சுங்க. இனிமே இன்னா!"

அளவெடுக்கும்போது தசரதன் ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தார். கால்சட்டையைக் கொஞ்சம் தொளதொளப்பாகவே தைத்துவிடலாம் என்று தையல்காரர் முடிவு செய்தார்.

இனி ஒரே வழிதான். ஞாயிற்றுக்கிழமை காலை லைன் கமிட்டிக் கூட்டம் கூட்டினார் தசரதன். லைனின் பொறுப்புகளையெல்லாம் வரிசையாகச் சொன்னார். துணி உலர்த்தும் நேரம், நாய் கட்டும் நேரம், ரேடியோ நிறுத்தும் நேரம், கோலத்தின் அகலம், சாவு வீட்டில் யார் எங்கே உட்காருவது. இவ்வளவையும் ஏற்றுக்கொள்ள ஓர் ஆள் முன்வராவிட்டால் பயணத்தை ரத்து செய்வதைத் தவிர வழியில்லை என்று முடித்தார். யாரும் முன்வர மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்த வேலைகளைச் செய்யத் தகுதியுள்ளவர் தன்னைத் தவிர யாருமில்லை என்பது அவர் துணிபு.

எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக்கறோம்ணே" என்றான் பெரியசாமி. "நீங்க கவலையே படாதீங்க. எப்டியோ சமாளிச்சுக்கறோம்."

அன்று மதியம் தசரதன் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"சுலோச்சனா, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. எனுக்கு பயமா கீது."

"சிங்கத்துக்கா?"

"சிங்கம் கெடக்குது. கப்பலு, கடலு, பாஷ தெரியாத ஊரு. பௌரிங்பேட்டையில ரயில் மாறவே நான் பத்து பேர கேப்பேன்."

"அப்ப போகலன்னு சொல்லிடுங்க."

"எப்டிச் சொல்றது? எவ்ளோ ஆசையா செய்றாங்க பாரு! லீவு, ஊசி, கோட்டு, பெட்டி... ஒருத்தர் முகத்துலயாவது சலிப்பு கீதா? இத்தன வருசம் இவங்கள நான் சரியாப் புரிஞ்சுக்கலியே!"

சுரங்கத்திலும் லைனிலும் தன்னை எல்லாரும் மதிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் நேசிக்கிறார்கள் என்று நினைத்ததில்லை. பயத்தால் போகாமல் நின்று இவர்கள் முகத்தில் விழிப்பதைவிடச் சிங்கத்தின் முகத்தில் விழிப்பதே மேல் என்று முடிவு செய்தார். சுலோச்சனா இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

கிளம்பும் நாள் வந்தது. சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. கோலார் தங்கவயலிலிருந்து யார் வெளிநாடு போனாலும் மாலை போட்டு, பேண்டு வாசித்து அனுப்புவது வழக்கம்தான். ஆனால் இப்படி ஒரு கூட்டத்தை ஸ்டேஷன் மாஸ்டரே பார்த்ததில்லையாம். கோவிந்தராஜ் வந்திருந்தார். ஜம்புலிங்கம் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். ஷிப்ட் முடித்தவர்கள் குளிக்கக்கூடப் போகாமல் தூசியோடு வந்து நின்றார்கள். பக்கத்துப் பாலகாட்டுச் சுரங்கத்திலிருந்து மரியகுழந்தையின் பேண்டு செட். இந்த லைனில் யாரையும் அறியாத மரியகுழந்தை, கன்னம் உப்ப உப்ப ஊதிக்கொண்டிருந்தார்.

காக்கிக் கோட்டும் தொப்பியுமாக, மாலைகளுக்கு மேல் மூக்கு மட்டும் தெரிய, தசரதன் ரயில் பெட்டியின் படியில் ஏறி நின்றார். பழனியம்மா திருஷ்டி சுற்றிப் பூசணிக்காயைத் தண்டவாளத்தில் போட்டு உடைத்தாள். உடைத்த வேகத்தில் சுற்றி நின்றவர்கள் இரண்டடி நகர்ந்தார்கள்.

"ரெண்டு வார்த்த பேசுங்கண்ணே, அப்பால வண்டி கெளம்பிடும்" என்றான் பெரியசாமி.

பேண்டு நின்றது. தசரதன் கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை முகத்திலும் சிரிப்பு. சிலர் கண்ணில் தண்ணீர். அவருக்கு நெஞ்சு பொங்கியது. இந்த ஜனங்களை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒரு சிங்கத்தைப் பார்க்க எதற்காகப் போகிறோம் என்று தோன்றியது. பயம் எங்கேயோ போய்விட்டது. இப்போது இருந்தது அன்பு மட்டுமே.

"எல்லாரும் என்ன மன்னிக்கணும்" என்றார். "ஊருக்குப் போறவன் மேல பாசம் வைக்கலாம். இவ்ளோ பாசம் வைக்கக் கூடாது. இத்த விட்டுட்டு நான் எங்க போவேன்? எனுக்கு ஆப்பிரிக்காவும் வேணாம், சிங்கமும் வேணாம். இனிமே என் காலம் முழுக்க உங்களோடதான். நான் போகல!"

மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். படியிலிருந்து இறங்கினார்.

ஒருவரும் கை தட்டவில்லை. கோவிந்தராஜ் தூணைப் பிடித்துக்கொண்டார். ஜம்புலிங்கம் டிரங்குப் பெட்டியைப் பார்த்தார். பழனியம்மா பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷத்தில் இவர்களுக்கு வாயே எழவில்லை என்று தசரதன் நினைத்தார். எஞ்சின் ஊதியது. கார்டு பச்சைக் கொடியை விரித்தார்.

அப்போது மரியகுழந்தை ஊதுகுழலை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்து, தசரதனின் இரண்டு கையையும் பிடித்து மறுபடி படியைப் பார்த்துத் தள்ளினார்.

"ஏறிடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்! ரயிலு உங்கள ஏத்திக்கினு கண்ண விட்டு மறைஞ்சாத்தான் எங்களுக்குக் கூலின்னு இவங்க எல்லாரும் சேந்து கண்டிசனா பேசிக்கீறாங்க சார்!"