நூற்றிருபது தலைகள்

திருவான்மியூர்க் கடலோரத்தில் இருந்த அந்தச் சின்ன உயர்நிலைப் பள்ளியில் நூற்றுப் பதினேழு பேர் படித்தார்கள். தலைமையாசிரியர் வேதநாயகத்துக்கு அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை. எழுபத்து நாலாம் வருஷம் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. நூற்றிருபது பேருக்குக் குறைந்த பள்ளிகள் "மாணவர் நலன் கருதி" மூடப்படுமாம்.

வேதநாயகம் குப்பத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினார். சேர்க்க வேண்டிய பிள்ளைகள் எல்லாரும் ஏற்கெனவே அவரிடம்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணு பேரு தானே சார் கொறையுது?" என்றாள் மீன் விற்கும் லூர்துமேரி. அவள் மகள் ஸ்டெல்லா ஒன்பதாவது படித்தாள். "நான் எட்டாவது பாஸ். என்கூட மீன் விக்கிற தங்கமும் வசந்தியும் அப்படித்தான். எங்கள சேத்துக்கோ."

"உனக்கு முப்பத்தஞ்சு வயசும்மா!"

"கூடாதுன்னு எங்கனா எழுதிக்கீதா?"

விதிப் புத்தகத்தை இரண்டு நாள் புரட்டினார். இத்தனை வயதுக்குக் குறையக் கூடாது என்று இருந்தது. கூடக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மூவரும் ஒன்பதாவதில் சேர்ந்தார்கள். லூர்துமேரிக்குப் பாதுகாவலர் கையெழுத்தை ஸ்டெல்லா போட்டாள்.

பள்ளி ஆய்வாளர் ரகுபதி வந்து தலைகளை எண்ணினார்.

"பெண்கள் அறுபத்தொன்று, ஆண்கள் ஐம்பத்தொன்பது. பெண்கள் கூடுதலாக இருந்தால் அது பெண்கள் பள்ளி. பையன்களை அனுப்பிவிடுங்கள்."

"அனுப்பினால் அறுபத்தொன்றுதானே சார் மிஞ்சும்?"

"ஆமாம். நூற்றிருபதுக்குக் கீழே. மூட வேண்டியதுதான்."

பத்தொன்பது வருஷமாக அங்கே கணக்குச் சொல்லிக்கொடுத்த வேதநாயகம் அந்தக் கழித்தலை விரல்விட்டு மறுபடி போட்டுப் பார்த்தார்.

லூர்துமேரி மாணவிக்குரிய ஒழுங்கோடு கையைத் தூக்கினாள். "இப்படி ஒவ்வொரு இஸ்கூலா மூடிக்கினே போனா, அப்பால நீ எங்க போயி எண்ணுவே சார்?"

ரகுபதியின் பேனா நின்றது. சுற்றறிக்கையின் பின்பக்கத்தைத் திருப்பினார். நாற்பது பள்ளிகளுக்குக் குறைந்தால் ஆய்வாளர் பதவியும் ரத்து. அவர் வசம் இருந்தவை சரியாக நாற்பது.

நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இரண்டே இரண்டு ஆண்கள் சேர்ந்தால் சமமாகிவிடும்," என்றார்.

குப்பத்து ஆண்கள் எல்லாரும் கடலில் இருந்தார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் அன்றே இரண்டு புதிய சேர்க்கைகள் பதிவாயின: வேதநாயகம், ரகுபதி. சமநிலை கண்டதற்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதமும் வந்தது.

மறுவாரம் வேதநாயகம் பழக்கத்தில் சாக்பீஸை எடுத்தார். பக்கத்து பெஞ்சிலிருந்து ரகுபதி அவர் கையைப் பிடித்தார். "மாணவர் பாடம் நடத்தக் கூடாது. விதி இருக்கிறது."

"அப்போ கணக்குப் பாடம் யாரு சார் எடுப்பாங்க?" என்றாள் ஸ்டெல்லா.

ரகுபதி தன் ஆய்வுப் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"அதற்கு இதில் கட்டமே இல்லையேம்மா."