பத்தொன்பது தட்டு

வாய்விட்டுப் படிப்பவன் முதலில் கதவைச் சாத்த வேண்டும். எங்கள் வீட்டில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போன எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

அக்காவின் நிச்சயம் பேச, பீடோங் பக்கத்து எஸ்டேட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அலோர் ஸ்டாரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். நானோ சமையலறையில், திங்கட்கிழமை வகுப்பில் பேச வேண்டியதை ஐஸ் பெட்டியிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பழ ஈயின் புழுவுக்குள் முன்கூட்டியே செல்கள் சின்னச் சின்னத் தட்டுகளாக ஒளிந்திருக்கும். கூட்டுக்குள் புழுவின் உடம்பு பெரும்பாலும் கரைந்துபோக, அந்தத் தட்டுகள் விரிந்து காலாக, இறக்கையாக, கண்ணாக மாறும். (அப்பாவுக்குப் புரிகிற தமிழில் சொன்னால்தான் படிப்பு என்று எனக்கொரு வீம்பு. 'தட்டு' அப்படி வந்த சொல்.)

கூடத்தில் மாப்பிள்ளையின் பெரியம்மா கேட்டார், "நிச்சயத்துக்கு நீங்க எத்தனை சீர்த்தட்டு வைக்கிறீங்க?"

அம்மா "ஒன்பது" என்று வாயெடுப்பதற்குள் என் குரல் முழங்கியது.

"மொத்தம் பத்தொன்பது தட்டு!"

பெண் வீட்டைவிட இரண்டு தட்டு கூட வைப்பதுதான் மாப்பிள்ளை வீட்டுக்குக் கௌரவம்.

"இருபத்தொண்ணு தூக்க லோரிதான் பிடிக்கணும் லா! எங்கள மட்டம் தட்டவா கூப்பிட்டீங்க?" பெரியம்மா கைப்பையோடு எழுந்துவிட்டார்.

ஓடி வந்தேன். "ஐயோ பெரியம்மா, அது பழ ஈப் புழுவோட தட்டு!"

"பழத்தட்டுல ஈ, புழு வேறயா?"

அப்பா தலையில் கைவைத்தார். திரைக்குப் பின்னால் அக்காவின் கண் கலங்கிவிட்டது. விளக்கிச் சொன்னால் சரியாகிவிடும் என்று நம்பினேன் (படித்தவனல்லவா).

"புழுவுக்குள்ள இருக்கிற தட்டு, பெரியம்மா. இறக்கைக்கு ஒரு ஜோடி, காலுக்கு மூணு ஜோடி... மொத்தம் ஒன்பது ஜோடி. கடைசியா ஒத்தைத் தட்டு ஒண்ணு."

"அந்த ஒத்தைத் தட்டு எதுக்கு?"

இனப்பெருக்க உறுப்புக்கு. அதை அப்பா முன்னால் எப்படிச் சொல்வது? பொய்யும் வராது.

"அது... கல்யாணத்துக்கு அப்புறந்தான் வேலை செய்யும்."

திரைக்குப் பின்னால் அக்கா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் மாப்பிள்ளையும் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார். "நாங்க ஒன்பதுதான்" என்று அம்மா முந்திக்கொள்ள, பெரியம்மா கைப்பையால் வாயை மூடியபடி உட்கார்ந்தார். "சரி சரி, நீங்க ஒன்பது, நாங்க பதினொண்ணு. பேசி முடிங்கப்பா."

இப்போது எங்கள் குடும்ப வாட்சப் குழுவின் பெயரே 'பத்தொன்பது தட்டு'. போன மாதம் அதில் பெரியம்மாவின் குரல்பதிவு ஒன்று வந்தது. நிறைந்த பேருந்தில், புத்தி வராத நான் அதைச் சத்தமாகப் போட்டேன்.

"தம்பி, உன் அக்கா முழுகாம இருக்கா. ஒத்தைத் தட்டு வேலை செஞ்சிருச்சு லா!"